மினிஸ்கோப்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மினிஸ்கோப் என்பது எலியின் தலையில் பொருத்தும் குட்டி நுண்ணோக்கி. எலி ஓடும்போதும் மோப்பம் பிடிக்கும்போதும் அதன் மூளைச் செல்கள் என்ன செய்கின்றன என்று இதில் பார்க்கலாம். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் ஷ்னிட்சரின் குழு வெளியிட்ட கருவியின் எடை 1.9 கிராம். கால் பவுன்கூட இல்லை. ஆனால் சுமக்கிற சுண்டெலியே 20, 30 கிராம்தானே!

கருவிக்குள் நீல ஒளி தரும் எல்இடி, வில்லைகள், படம் பிடிக்கும் சில்லு. பின்னால் மெல்லிய கம்பி. மூளைச் செல்களில் ஜிகேம்ப் என்ற புரதம் உண்டாகும்படி முன்பே செய்திருப்பார்கள். ஜெல்லிமீனில் கண்டெடுத்த பச்சைப் புரதத்தைத் திருத்தி ஆக்கியது அது. ஒரு செல் தூண்டப்பட்டதும் உள்ளே கால்சியம் ஏறும். உடனே அந்தப் புரதம் பளிச்சென்று ஒளிரும். இருண்ட திரையில் கடுகளவு வெளிச்சம் ஒன்று பூத்து அணையும், அப்புறம் வேறோர் இடத்தில் இன்னொன்று. முதன்முறை பார்த்தபோது என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ஸ்கோப்’ கிரேக்கம், பார்த்தல் என்று பொருள். ‘மினி’யின் கதைதான் சுவையானது. அது மினியேச்சரின் சுருக்கம். லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். பழைய ஐரோப்பிய ஏடுகளில் அந்தச் சிவப்பைத் தொட்டுத் தீட்டிய வேலைக்கு அதிலிருந்தே பெயர் வந்தது. ஏட்டுக்குள் அடங்கும் படங்கள் சிறியவை. ‘மினிமம்’ போன்ற சொற்களின் சாயலும் சேர, நிறத்தைச் சொன்ன சொல் அளவைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

தமிழில் ‘சிறுநோக்கி’ என்றால் சிறியதைப் பார்ப்பதா, தானே சிறியதா என்று குழப்பும். ‘குறு நுண்ணோக்கி’ தவறில்லை, ஆனால் முக்கியமானதை விட்டுவிடுகிறது. பெரிய நுண்ணோக்கியின் கீழ் விலங்கின் தலையை அசையாமல் பிணைத்துத்தான் முன்பெல்லாம் பார்த்தார்கள். இதையோ எலி தலையில் போட்டுக்கொண்டு தன் போக்கில் திரிகிறது. அணிந்துகொள்வதுதான் இங்கே புதுமை. காதணி, காலணி இருக்கும்போது தலையணி ஏன் கூடாது? ‘தலையணி நுண்ணோக்கி’ என்பதே என் தேர்வு. நுண்ணோக்கியை நுணுக்குக்காட்டி என்று படித்த இலங்கை வாசகர்கள் ‘தலையணி நுணுக்குக்காட்டி’ என்று வைத்துக்கொள்ளலாம்.