மண் ரிப்போர்ட் இருக்கிறது, சரி. ஈயம் பார்த்தீர்களா?

போன வாரம் இன்னொரு தோட்டம் பார்க்கப் போனேன். இந்த வருஷத்தில் இது நான்காவது. வீடில்லாதவர்களுக்கும் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்க, பழைய பேட்டரி பட்டறை இருந்த காலி மனையில் போட்ட காய்கறித் தோட்டம். விளைவதில் வேலை செய்கிறவர்களுக்குப் பங்கு, மிச்சம் அக்கம்பக்கத்துக் கர்ப்பிணிகளுக்கு. மண்ணைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டதும் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கார அமில நிலை எல்லாம் இருந்தது. ஈயம் என்ற வரியே இல்லை.

சாதாரண மண் பரிசோதனை என்ன உரம் போடலாம் என்று சொல்வதற்கானது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் மாதிரி கன உலோகங்களை அது தேடுவதில்லை. தனியாகக் கேட்க வேண்டும், தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இதைச் சொன்னால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "கீரை எவ்வளவு செழிப்பாக வந்திருக்கிறது பாருங்கள், மண் கெட்டிருந்தால் இப்படி வளருமா?" வளரும். மனிதருக்குக் கெடுதல் செய்கிற அளவு ஈயம் இருக்கிற மண்ணிலும் செடி பச்சைப்பசேல் என்று நிற்கும். இலை மஞ்சளாகாது, சுருளாது. மண்புழுவும் இருக்கும். அடுத்த பதில், "நாங்கள் இயற்கை உரம் மட்டும்தான் போடுகிறோம்." நல்லது, தொடர்ந்து போடுங்கள். ஆனால் அது நீங்கள் இன்று போடுவதைப் பற்றிய கணக்கு. முப்பது வருஷம் முன்னால் பேட்டரி பட்டறை அங்கே கொட்டிய ஈயம் அப்படியேதான் கிடக்கிறது. ஈயம் மக்காது, ஆவியாகாது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்காது. மக்கு உரம் அதைக் கொஞ்சம் கட்டிப்போடும், செடி உறிஞ்சுவது குறையும், அவ்வளவுதான். பட்டறை இல்லாத மனை என்றாலும் நிம்மதி வேண்டாம். ஈயம் கலந்த வாகனப் பெட்ரோல் உலகத்தில் முழுதாக நின்றதே 2021-இல்தான். சாலையோர மண்ணிலும், பெயின்ட் உதிர்ந்த பழைய சுவரடியிலும் அது தங்கியிருக்கிறது.

செடிக்குள் போவதைவிட மண்ணாகவே வாய்க்குள் போவதுதான் பெரிய ஆபத்து. நாள் முழுக்க மண்ணில் வேலை செய்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுகிறவர், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்புக்காரர். அந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். எலும்பில் சேர்ந்தது கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு இறங்கி, குழந்தைக்கும் போகும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஈயத்துக்கு ஒரு அளவே இல்லை. யாருக்கு உதவ வந்தோமோ அவர்களுக்கே இதைக் கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விதை வாங்கும் முன்னால் பரிசோதனை செய்யுங்கள். சுவரோரம், சாலையோரம், நடுப்பகுதி மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். அளவு கூடுதலாக வந்தால் தோட்டத்தையே மூட வேண்டியதில்லை. தரையில் கெட்டித் துணி விரித்து, 30 செ.மீ.க்குக் குறையாத மேட்டுப்பாத்தி போடுங்கள். வெளியிலிருந்து வரும் மண்ணையும் சோதியுங்கள். பாத்திக்கு வரப்பாகப் பழைய ரயில் கட்டைகளும் பெயின்ட் அடித்த பலகைகளும் வேண்டவே வேண்டாம். நடைபாதையில் மரத்தூள் பரப்பினால் தூசி அடங்கும். தரை மண்ணில் பயிரிட்டே ஆக வேண்டுமென்றால் தக்காளி, கத்தரி, பீன்ஸ் போடுங்கள். கிழங்கும் கீரையும் மேட்டுப்பாத்தியில் மட்டும். தண்ணீர்க் குழாயும் சோப்பும் தோட்ட வாசலிலேயே இருக்கட்டும். வேலைச் செருப்பு வீட்டுக்குப் போகக் கூடாது.

இது வேலைக்கு நடுவே வந்த இடைஞ்சல் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வீடற்றோருக்குத் தோட்டவேலை மூலம் தொழிற்பயிற்சி தருவது புதிய யோசனை இல்லை. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் 1990-லேயே அப்படி ஒரு தோட்டம் தொடங்கியது. இப்படிப்பட்ட தோட்டங்களில் கற்பதை வைத்துத்தான் வெளியே வேலை கிடைக்கும். மண் மாதிரி எடுக்கவும் ரிப்போர்ட் படிக்கவும் தெரிந்தவருக்கு வேலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். போன வாரத் தோட்டத்தில் மறு மாதிரி எடுக்கும் பொறுப்பை அங்கே பயிற்சி பெறுகிறவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன். மூன்று பைகளிலும் அவர்கள் கையெழுத்தில் தேதியும் இடமும் எழுதி ஒட்டியிருந்தது. ரிப்போர்ட் வருகிற வரை கீரை விநியோகம் நின்றிருக்கிறது.