கராஜில் கார் பெயின்ட் அடித்துவிட்டுப் பால் குடிப்பவர்களுக்கு

இந்த ஜனவரியிலும் வந்துவிட்டார்கள். டிசம்பரில் தொழிற்சாலைகள் மூடி எல்லாரும் வீட்டில் இருக்கும் நாட்களில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் சாட்ஸ்வர்த்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு கராஜில் கம்ப்ரஸர் சத்தம் கேட்கும். அப்பா விட்டுப்போன கரோல்லா, முதல் சம்பளத்தில் வாங்கிய சிட்டி கோல்ஃப், மாமா கொடுத்த பழைய டட்சன் பக்கி. துரு எடுத்து, பட்டி வைத்து, தேய்த்து, புது டுகோ அடித்து, தைப்பூசக் காவடிக்கு முன்பே கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் நான் குறை காணவில்லை. டாக்டரான என்னிடம் வருவது அதற்கு அடுத்த கட்டம்: நள்ளிரவில் நெஞ்சு இறுகி, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தவர்கள்.

கடைசியாக வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத தம்பி. முன்பு ஆஸ்துமா கிடையாது, சிகரெட் கிடையாது. ஞாயிறு மதியம் காருக்கு க்ளியர், அதாவது கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் பூச்சு, அடித்திருக்கிறார். சாயங்காலம் வரை நன்றாக இருந்தவருக்கு இரவில் மூச்சு வாங்கியது. மறுநாள் போன இடத்தில் நெஞ்சுச் சளி என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மிச்சமிருந்த கதவுகளை அடித்தார். இந்தத் தடவை ஆம்புலன்ஸ்தான்.

"பெயின்ட் அடிக்கும்போது என்ன தம்பி போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"மாஸ்க் போட்டிருந்தேன் டாக்டர். முடிச்சதும் ஒரு லிட்டர் பாலும் குடிச்சேன்."

இந்தப் பால் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பெயின்டர், வெல்டர் என்று புகையில் வேலை செய்கிற பலருக்கு இது வேதவாக்கு. சில பட்டறைகளில் முதலாளியே ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி வைப்பார். பால் போவது உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு. நீங்கள் இழுத்த பெயின்ட் போவது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு. தொண்டையில் பிரிந்த இந்த இரண்டு பாதைகளும் அதற்குக் கீழே எங்கும் சேர்வதில்லை. பால் நுரையீரலுக்குள் போகாது. தவறிப் போனால் அதுவே ஆபத்து. "ரத்தத்தில கலந்து விஷத்தை முறிச்சிடாதா டாக்டர்?" என்பார்கள். முறிக்காது. பால் செரித்து, மற்ற சாப்பாட்டைப் போலவே சத்தாக ரத்தத்தில் சேர்கிறது. பெயின்டைத் தேடிப்போய்ப் பிடிக்கும் வேலை அதற்குத் தெரியாது. எரிகிற தொண்டைக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். அந்த இதத்தைத்தான் உள்ளே எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். பால் குடிப்பதில் கெடுதல் இல்லை. பால் குடித்தாயிற்று என்ற தைரியத்தில் அடுத்த கோட் அடிக்கப் போகிறீர்களே, மூச்சு முட்டும்போதுகூட இன்னொரு டம்ளர் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கிறீர்களே, அதுதான் கெடுதல். மாஸ் என்ற புளித்த பாலைக் குடித்தாலும் இதே பதில்தான்.

அடுத்தது, "எங்க அப்பா காலமெல்லாம் வீட்டிலேயேதான் அடிச்சார், ஒண்ணும் ஆகலையே." அப்பா அடித்தது பெரும்பாலும் பழைய லாக்கர். தின்னர் ஆவியாகிப் போனதும் காய்ந்துவிடும். அதுவும் நல்லதல்ல, ஆனால் அது வேறு சரக்கு. இன்று கடையில் டூ-கே என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதில் பெரிய டின்னோடு ஒரு சின்ன டின் வரும். அதுதான் பெயின்டை இறுக வைக்கும் ஹார்டனர். அதில் இருப்பது ஐசோசயனேட். போபாலில் 1984-இல் கசிந்த வாயுவின் குடும்பம். அதே பொருள் அல்ல, அந்த அளவுக்குக் காற்றில் பறக்கவும் செய்யாது. ஆனால் ஸ்ப்ரே கன்னில் போட்டு நுண்துளியாக அடித்தால் நேராக நுரையீரலின் அடிவரைக்கும் போகும். அந்தச் சின்ன டின்னைத் திருப்பிப் பாருங்கள். மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போல ஒரு படம் இருக்கும். சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம் என்ற எச்சரிக்கையும் அதோடு அச்சடித்திருக்கும்.

ஐசோசயனேட் எல்லா விஷத்தையும் போல நடந்துகொள்வதில்லை. கொஞ்சம் இழுத்தால் கொஞ்சம் இருமல், நிறைய இழுத்தால் நிறைய இருமல் என்ற கணக்கு இதற்குக் கிடையாது. உடம்பு ஒருநாள் இதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். சிலருக்கு அதற்குப் பல வருடங்கள் ஆகும். சிலருக்குச் சில வாரங்களிலேயே நடந்துவிடும். ஒரே ஒரு பெரிய சிந்தலுக்குப் பிறகு நடந்ததும் உண்டு. அதன்பிறகு மிகச் சிறிய அளவே போதும். பக்கத்துப் பட்டறையில் யாரோ அடித்தாலும் உங்களுக்கு இழுக்கும். கை வழியாகவும் இது நடக்கலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு வெறும் கையால் ஹார்டனர் கலக்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். இன்னொன்று, தொந்தரவு பல சமயம் உடனே தெரியாது. மதியம் அடித்ததற்கு இரவில் நெஞ்சு இறுகும். அதனால்தான் பெயின்டையும் மூச்சையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. என் சக மருத்துவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: திங்கட்கிழமை புதிதாக இழுப்போடு வருகிறவரிடம், வேலை என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல் வார இறுதியில் என்ன செய்தார் என்றும் கேளுங்கள்.

கார் பாடி பழுது பார்க்கும் பேனல்பீட்டர் பட்டறையில் வேலை செய்து இந்த ஆஸ்துமா வந்தால், தொழில்நோய் என்று இழப்பீடு கேட்க இந்த நாட்டில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் கராஜில் உங்கள் காருக்கு நீங்களே அடித்து வந்ததற்கு யாரும் ஒரு ராண்ட் தரமாட்டார்கள்.

இப்போது மாஸ்க். ஹார்ட்வேர் கடையில் வாங்கும் வெள்ளைத் தூசி மாஸ்க்கும், கோவிட் காலத்து மாஸ்க்கும் ஆவிக்கு எதுவுமே செய்யாது. கார்பன் வில்லை வைத்த ரப்பர் மாஸ்க் புதிதாக இருந்து, முகத்தில் இறுகப் பொருந்தியிருந்தால் ஓரளவு பிடிக்கும். ஆனால் அது எப்போது தீர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஐசோசயனேட்டின் வாசனை மூக்குக்கு எட்டுகிறது என்றால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. நீங்கள் மோப்பம் பிடிப்பது தின்னரைத்தான். தாடி வைத்திருந்தால் ரப்பர் பொருந்தவே பொருந்தாது. நல்ல பட்டறையில் பூத்துக்குள், அதாவது பெயின்ட் அடிப்பதற்கென்றே உள்ள அறைக்குள், நிற்கிற பெயின்டர் வெளியிலிருந்து குழாயில் வரும் சுத்தமான காற்றைத்தான் சுவாசிக்கிறார். கன்னை நிறுத்திய பிறகும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் நிற்கும் என்பதால் அதை அவர் உடனே கழற்றுவதும் இல்லை. வீட்டிலோ கன்னைக் கீழே வைத்த நொடியே மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, குனிந்து பளபளப்பைப் பார்க்கிறீர்கள்.

"நான் ஸ்ப்ரே கேன்தானே அடிச்சேன்" என்பவர்களுக்கு: அடியில் ஒரு பொத்தானை அழுத்திக் குலுக்கச் சொல்லும் டூ-கே கேனில் இருப்பதும் இதே ஹார்டனர்தான். கலர் தண்ணீரில் கரைந்ததாகவே இருக்கலாம். மேலே அடிக்கும் க்ளியர் பெரும்பாலும் டூ-கேதான்.

இதையெல்லாம்விட எனக்குத் தாங்காதது வீட்டில் இருக்கிற மற்றவர்கள். ஈரப் பெயின்டில் தூசி விழக்கூடாது என்று கராஜ் கதவை இறக்கிவிடுகிறீர்கள். அந்தக் காற்று எங்கே போகும்? சமையலறைக் கதவின் அடி இடுக்கு வழியாகத் தாத்தாவும் ஆயாவும் இருக்கும் அறைக்கு. அல்லது நம் இரட்டை வீடுகளின் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம், ஏற்கெனவே ஆஸ்துமா பம்ப் வைத்திருக்கும் பிள்ளைக்கு. மெர்பேங்க், வென்ட்வொர்த் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகைக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடிய ஊர் இது. அதே ஊரில், அதே பிள்ளைகளின் மூச்சுக்குப் பக்கத்தில் நாமே இதை அடிக்கலாமா?

தயவுசெய்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கழற்றுவது, துரு எடுப்பது, பட்டி, தேய்ப்பு, டேப் ஒட்டுவது எல்லாம் வீட்டில் செய்யுங்கள். உழைப்பில் பெரும்பங்கு அதுதான், காசு மிச்சமாவதும் அதில்தான். பெயின்டையும் க்ளியரையும் அடிக்க மட்டும் பூத் உள்ள பட்டறைக்குக் காரைக் கொண்டுபோங்கள். தயார் செய்த காருக்கு அடித்துக் கொடுப்பீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தேய்க்கும்போதும் கவனம். பழைய காரின் அடிப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. அந்தச் சேறு முற்றத்தில் ஓடக்கூடாது. அழுக்கு ஓவராலோடு பிள்ளையைத் தூக்காதீர்கள், தனியாகத் துவையுங்கள்.

தின்னர் திறக்கும் இடத்தில் டீப் ஃப்ரீசர் ஓடக்கூடாது. ஆவி தரையோடு தவழும், ஒரு பொறி போதும். வீட்டு மின்விசிறியை வைத்துப் புகையை வெளியே தள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அதன் மோட்டாரும் பொறி விடும். கராஜுக்குள் ஜெனரேட்டர் எந்தக் காரணத்துக்கும் கூடாது. ஹார்டனர் கலந்து மிஞ்சியதை டின்னில் போட்டு இறுக மூடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள், அன்றிரவோ மறுநாளோ இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம் என்றால் மிச்ச வேலையைத் தொடவே தொடாதீர்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச மூச்சு போதவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 10177, கைப்பேசியிலிருந்து 112. வீட்டில் யாருடைய நீல பம்ப் இருந்தாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை அதைப் போடுங்கள். அந்த அளவுக்கு இல்லையென்றாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். வரும்போது அந்தச் சின்ன டின்னின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அது இருந்தால் எங்களுக்குப் பாதி விசாரணை மிச்சம்.