ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு வரப்பு

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுவதுதான் ஹாம் ரேடியோ. கடைமடையில் பயிர் வைப்பவருக்கு அதன் விதிகளைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வாய்க்கால் தண்ணீர் ஊருக்கே பொது; முறை வந்தால்தான் மடை திறக்கலாம். மேலே ஒருவர் இஷ்டத்துக்குக் கரையை வெட்டினால் கீழே நாற்றங்கால் காயும். வானலையும் பொதுவில் ஓடுவதுதான்.

செல்போன் வாங்க யாரும் பரீட்சை எழுதுவதில்லை. அது எந்த அலைவரிசையைத் தொடலாம் என்பதைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஹாம், அதாவது ஹாம் ரேடியோக்காரர், அப்படியில்லை. சால்டர் வைத்துத் தன் கையாலேயே டிரான்ஸ்மிட்டர் செய்ய அவருக்கு அனுமதி உண்டு. அந்தப் பூட்டு அவர் தலைக்குள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பரீட்சை.

ஒரு கணக்கு பார்ப்போம். நம் நாட்டில் ஹாம்களுக்கான 40 மீட்டர் பட்டை (அலையின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர் என்பதால் அந்தப் பெயர்) 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. மன்னார்குடியில் ஒருவர் 7.001-இல் வைத்துப் பேசுகிறார். எண்ணைப் பார்த்தால் உள்ளேதான் இருக்கிறார். ஆனால் மனிதக் குரலுக்கு ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். இந்தப் பட்டையில் குரல், காட்டும் எண்ணுக்குக் கீழ்ப்பக்கமாக விரிவதே வழக்கம். அப்படியானால் அவர் பேச்சு 6.998 வரை இறங்கி, வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலில் நிற்கிறது!

கசிவு இன்னொரு விதத்திலும் வரும். எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் கொஞ்சம் சிந்தும். 7.150-இன் இரட்டிப்பு 14.300. அது 14.000 முதல் 14.350 வரையுள்ள இன்னொரு ஹாம் பட்டைக்குள் விழுவதால் நம்மவர்களோடு போய்விடும். 7.190-இன் இரட்டிப்போ 14.380, பட்டைக்கு வெளியே, வேறு சேவைக்காரர் இடம். இரண்டு மூன்று கம்பிச்சுருள்களும் சில கெப்பாசிட்டர்களும் கொண்ட வடிகட்டியை ஆன்டெனாவுக்கு முன்னால் போட்டால் இந்தச் சிந்தல் பெருமளவு அடங்கும். என்னைக் கேட்டால், பாடத்திட்டத்தில் மிக அழகான பகுதி இதுதான்.

உரிமம் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறை. 12 வயது நிரம்பியிருந்தால் போதும். புள்ளியும் கோடுமாகச் சேதி அனுப்பும் மோர்ஸ் இல்லாமல் எழுதுவது ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு. மோர்ஸும் தேறினால் ஜெனரல். வானலையில் ஒருவரின் அடையாளமான அழைப்புக்குறி முன்னதற்கு வி.யு.3 என்றும், பின்னதற்கு வி.யு.2 என்றும் தொடங்கும். வானலையில் நெல் விலை பேசி வியாபாரம் முடிக்கக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. அந்தப் பக்கம் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சு புரிய வேண்டும்.

2018 நவம்பர் 16 விடிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படியொரு நாளில் 7 மெகாஹெர்ட்ஸின் அருமை தெரியும். சாயாமல் நிற்கும் இரண்டு தென்னைகளுக்கு நடுவே 20 மீட்டர் கம்பி, ஒரு கார் பேட்டரி, ஒரு ரேடியோப் பெட்டி. கம்பி தாழ்வாக இருந்தால் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், வானத்தின் உயரத்தில் மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மழைபோல் இறங்கும். கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம்.

அந்த நேரத்தில் எங்கோ ஒரு தீனமான குரல் மருந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அதன் மேல் நம் குரல் ஏறினால் அது மூழ்கிவிடும். ஆகவே பொத்தானை அமுக்குமுன் ஹாம் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்பார். பிறகு தன் அழைப்புக்குறியைச் சொல்லி, ‘இந்த ஃப்ரீக்வென்சியில் யாராவது இருக்கீங்களா?’ என்று கேட்டுவிட்டு, மறுபடியும் காத்திருப்பார்.