சொல் விளக்கம்: லிமிடெட் எடிஷன்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எந்தக் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தாலும் கடைசியில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருக்கும். கம்பெனி கடனில் மூழ்கினால் பங்குதாரரின் பொறுப்பு எதுவரை என்பதைச் சொல்லும் லிமிடெட் அது. பேனாப் பெட்டிமேல் உள்ள லிமிடெட் வேறு வகை. இந்த மாதிரியில் இத்தனை பேனாதான் செய்வோம், அதற்குமேல் ஒன்றுகூடச் செய்ய மாட்டோம் என்று செய்பவர் தரும் வாக்கு. அந்த வாக்குக்கு எவ்வளவு இழுவிசை உண்டு என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2000 ஜனவரியில் மெக்டோனல்ட்ஸின் ஹலோ கிட்டி கல்யாணப் பொம்மைக்காகத் தீவே கியூவில் நின்றது.

'லிமிடெட்' என்பதன் வேர் லத்தீனின் 'லீமெஸ்'. வயலுக்கும் வயலுக்கும் இடையே விடும் நடைவரப்புக்கு அந்தப் பெயர். எல்லை என்ற பொருளும் அதில் சேர்ந்துகொண்டது. நம் 'வரம்பு'ம் அதே வழியில் வந்ததுதான். வயல் வரப்பும் வரம்பு, 'வரம்பு மீறிப் பேசாதே' என்பதும் அதே வரம்பு. 'எடிஷன்' வந்தது வெளியே கொடுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து. அச்சடித்த புத்தகத்தை ஊருக்குக் கொடுப்பது எடிஷன்.

பேனாக்காரர்கள் இந்தச் சொல்லைப் புத்தகக்காரர்களிடமும் படம் அச்சிடுகிறவர்களிடமும் இருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். செம்புத் தகட்டில் கீறி அச்சிடும் ஓவியங்களில், தகடு தேயத் தேயக் கோடுகள் மங்கும். அதனால் ஓர் அளவோடு நிறுத்தி, ஒவ்வொரு தாளிலும் எத்தனையில் எத்தனையாவது என்று எழுதுவார்கள். பிறகு அந்தத் தகட்டின் குறுக்கே கோடு கீறிக் கெடுத்தும் விடுவார்கள், யாரும் மறுபடி அச்சடிக்க முடியாது. பேனா மூடியின் வளையத்தில் 1523/4810 என்பதுபோலப் பொறித்திருக்கும் பின்ன எண் அங்கிருந்து வந்த பழக்கம். தகட்டைக் கீறும் பழக்கம்தான் எல்லாக் கம்பெனிக்கும் வரவில்லை.

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறதா என்பதைத்தான். 1715இல் ஃபுளோரிடா கரையருகே மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து மீட்ட வெள்ளியைக் கொண்டு பார்க்கர் கம்பெனி 1965இல் 'பார்க்கர் 75' பேனாக்களைச் செய்தது. மொத்தம் 4821. கடல் கொடுத்த வெள்ளியில் செய்தது, அதனால் பேனாவுக்கு ஒரு கதையும் கூடவே வந்துவிட்டது. மோண்ட்பிளாங்க் கம்பெனி பல வரிசைகளுக்கு 4810 என்ற எண்ணை வைப்பது மோன் பிளாங்க் மலைக்கு வழக்கமாகச் சொல்லும் உயரத்தை மீட்டரில் குறிக்கத்தான். அதில் கொஞ்சம் விளம்பர வாடை அடிக்கிறது. ஆனாலும் நிப்பிலேயே 4810 என்று பொறிக்கிற கம்பெனிக்கு அது பொருந்துகிறது.

எண்ணிக்கை குறையக் குறைய மதிப்பு ஏறும் என்று நினைத்தால், ஹெமிங்வே பேனா அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். மோண்ட்பிளாங்க் 1992இல் எழுத்தாளர் வரிசையில் வெளியிட்ட முதல் பேனா அது. செய்தது 20,000. அது ஒன்றும் சின்ன எண் இல்லை. இருந்தும் அந்த வரிசையில் ஆட்கள் இன்றுவரை தேடி அலைவது அதைத்தான். வரிசைக்கு அது மூத்த பிள்ளை. பவளச் சிவப்பும் அடர் பழுப்புமாக, 1930களின் பெரிய பேனாக்களின் உருவத்தைக் கொண்டது. கையில் எடுத்தால் எழுதத் தோன்றும். 1996இல் வந்த டூமா பேனாவுக்கு வேறொரு கதை. அப்பா எழுத்தாளர், மகனும் எழுத்தாளர், இருவருக்கும் ஒரே பெயர். அப்பாவுக்காகச் செய்த பேனாவில் மகனின் கையெழுத்தைப் பொறித்துவிட்டார்கள். பிறகு திருத்தினார்கள். இன்று டூமா பேனா வாங்குபவர் முதலில் கேட்பது எந்தக் கையெழுத்து என்றுதான்.

யாரும் எண் வைக்காமலே அளவுக்குள் நிற்கும் பேனாக்களும் உண்டு. ஜப்பானின் நமிகி பேனாக்களில் மாக்கி-ஏ வேலை செய்வார்கள். உருஷி மரப்பாலை மெல்லிய பூச்சாகப் பூசி, அது காய்வதற்குள் பொன்தூளைத் தூவிப் படம் வரைவது. பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி என்று ஒரு பேனாவுக்கு மாதக்கணக்கில் ஆகும். 1931இல் மட்சுடா கொன்ரோக்குவின் தலைமையில் தொடங்கிய கொக்கோக்காய் என்ற கலைஞர் குழு இன்றும் இதைச் செய்கிறது. பேனாவின் உடலில் செய்தவரின் ஒப்பம் இருக்கும். இங்கே வரம்பு வைப்பது மனிதக் கை. என்னைக் கேட்டால் லிமிடெட் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவை இவைதான்.

சிங்கப்பூருக்கென்று சில கூத்துகளும் உண்டு. எட்டு என்றால் சீன நண்பர்களுக்கு அதிர்ஷ்டம், எண்ணில் 88 வந்தால் சில வெள்ளி கூடக் கேட்கலாம். எண் சோதிடம் பார்க்கும் நம்மவர் சிலருக்கோ எட்டு சனியின் எண், கண்ணில் படக்கூடாது. 108 என்றால் மட்டும் முகம் மலரும். ஒரே பேனாவை வைத்து இருவரும் பேரம் பேசினால் வேடிக்கைதான். அப்புறம், ஈரப்பதம். பெட்டி, சான்றிதழ், கையேடு எல்லாம் இருந்தால்தான் முழு விலை. இங்கே அலமாரியில் சும்மா வைத்தால் பெட்டியின் வெல்வெட்டில் பூஞ்சை பூத்துவிடும். கேமராவுக்கு வாங்கிய ஈரம் உறிஞ்சும் பெட்டியில் பேனாவையும் வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள். கேரோசல் என்ற இணையச் சந்தையில் பழைய பேனா வாங்குகிறவர், நிப்பின் அடியில் மை கொண்டுவரும் பகுதியில் இருக்கும் மெல்லிய இடுக்குகளைப் பூதக்கண்ணாடியால் பார்க்கவேண்டும். மை தொடாத பேனா என்று விற்பவர் சொன்னாலும், அங்கே ஒரு நீலக்கோடு தெரிந்தால் சரி, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

எண்ணுக்குக் காரணம் இருந்தும் சறுக்கியதற்கு எடுத்துக்காட்டு, மோண்ட்பிளாங்கின் 2009 காந்தி பேனா. தண்டி யாத்திரையின் 241 மைலுக்காக 241 பேனா. எண் பொருத்தமானது, பொருள்தான் பொருந்தவில்லை. கதர் கட்டியவரின் பெயரில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பேனாவா என்று வழக்கு கேரள உயர் நீதிமன்றம்வரை போனது. 2010இல் விற்பனையை நிறுத்திவைத்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று பலர் எழுதுகிறார்கள். பிழை இல்லை, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் பேனா விற்றுப் போய்விடும். தவிர, 'பதிப்பு' அச்சில் பதிக்கும் புத்தகத்துக்கு உரியது. பேனாவுக்கு 'வெளியீடு' பொருத்தம். லத்தீன் சொல்லின் பொருளும் அதுதான். அதனால் 'வரம்பு வெளியீடு' என்பது என் தேர்வு. எண் பொறித்திருந்தால் 'எண்ணிட்ட வெளியீடு' என்று இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்.

'ஸ்பெஷல் எடிஷன்' என்பதை மட்டும் இதோடு கலக்கக்கூடாது. லாமி சஃபாரி பேனாவில் ஆண்டுதோறும் வரும் புது நிறங்கள் அந்த வகை. எத்தனை செய்தோம் என்று சொல்ல மாட்டார்கள், மறுபடி செய்ய மாட்டோம் என்ற உறுதியும் இல்லை. 1980இல் வந்த இரண்டு பழைய நிறங்களை 2021இல் லாமி திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு 'சிறப்பு வெளியீடு' என்ற சொல் போதும். விற்பனை அறிவிப்பில் 'வரம்பு வெளியீடு' என்று யாராவது எழுதினால், மூடி வளையத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.