ஊருக்கு மேலே ஓடும் ஆறு

தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தானே ஓடும், அப்புறம் எப்படி ஓர் ஆறு ஊரை விட உயரத்தில் ஓடும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கைஃபெங் நகரத்தை விட உயரத்தில் மஞ்சள் ஆறு ஓடுகிறது என்று போன மாதம் நான் எழுதிய இரண்டு வரிதான் அவரை யோசிக்க வைத்திருக்கிறது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இருக்கும் கைஃபெங், 960 முதல் 1127 வரை சொங் பேரரசின் தலைநகர். ஊருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் மஞ்சள் ஆறு ஓடுகிறது. அங்கே ஆற்றின் அடிமட்டமே ஊர்த்தரையை விட ஏழெட்டு மீட்டர் உயரம். இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியில் நின்றாலும் ஆற்றை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சீனர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தொங்கும் ஆறு'.

மேற்கே காற்று கொண்டுவந்து குவித்த மெல்லிய மண்ணாலான பீடபூமி இருக்கிறது. மழை அதைக் கரைத்து ஆற்றில் விடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு 160 கோடி டன் வண்டல் வந்தது. மலைப்பகுதியில் ஓடும்வரை ஆற்றுக்கு வேகம் இருக்கிறது, மண்ணைச் சுமந்துவிடுகிறது. சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது, வேகம் குறைகிறது, மண் இறங்குகிறது. ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தால் மண்டி அடியில் தங்காது, கரண்டியை எடுத்தால் தங்கிவிடும். அதேதான் இங்கும்.

ஆறு மேடிட்டதும் வெள்ளம் கரையைத் தொடும். மக்கள் கரையை உயர்த்துவார்கள். இனி வெளியே பரவ வழியில்லாத மண் முழுவதும் இரு கரைகளுக்கு நடுவிலேயே படியும். மறுபடி ஆறு மேடிடும், மறுபடி கரை உயரும். ஆற்றைத் தூக்கி மேலே வைத்தது இந்தச் சுழற்சிதான். வாசகருக்கான பதிலும் இதில் இருக்கிறது: ஆறு இன்னமும் பள்ளத்தை நோக்கித்தான், கடலை நோக்கித்தான் ஓடுகிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய பள்ளத்துக்குள் அது விழாமல் தடுப்பது கரை மட்டுமே.

பதினாறாம் நூற்றாண்டில் பான் ஜிஷுன் என்ற மிங் அரசு அதிகாரி யோசித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஆற்றை அகலப்படுத்தச் சொன்னவர்களுக்கு நடுவே அவர் குறுக்கச் சொன்னார். அதே அளவு தண்ணீர் குறுகிய வழியில் போனால் வேகம் கூடும், வேகம் கூடினால் தண்ணீரே அடியிலிருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். தூர்வாரும் வேலையை ஆற்றிடமே ஒப்படைத்தார். ஆனால் அரித்த மண் முகத்துவாரத்தில் குவிந்து, கடலைத் தள்ளி, ஆற்றின் நீளத்தைக் கூட்டியது. அதே இறக்கத்துக்கு நீளம் கூடினால் சரிவு குறையும். பழைய சிக்கல் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. ஆனாலும் யோசனை தோற்கவில்லை. 2002 முதல் ஷியாவ்லாங்டி அணையிலிருந்து ஏறக்குறைய ஆண்டுதோறும் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு வண்டலைக் கடலுக்குத் தள்ளுகிறார்கள். கீழ்ப்பகுதியில் ஆற்றடி இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது.

இந்த ஆற்றின் அழிவுகளை விதி என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கி.மு. 132-இல் கரை உடைந்தபோது ஹான் அரசின் முதலமைச்சர் தியன் ஃபென், அது வானத்தின் விருப்பம், அடைக்க வேண்டாம் என்றார். வெள்ளம் தெற்கே போனது, அவருடைய நிலங்கள் வடக்கே இருந்தன. உடைப்பு 23 ஆண்டுகள் திறந்தே கிடந்தது.

கைஃபெங்கை மூழ்கடித்ததும் மனிதர்கள்தான். 1642-இல் கலகப்படை நகரை முற்றுகையிட்டிருந்தபோது, போர்த் தந்திரமாகக் கரைகள் உடைக்கப்பட்டன. சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. தண்ணீர் வடிந்த பிறகு வண்டல் அங்கேயே தங்கிவிட்டது. பிழைத்தவர்கள் அதன் மேலேயே மீண்டும் ஊரைக் கட்டினார்கள். இப்படி இன்றைய நகரத்தின் அடியில் 6 பழைய நகரங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

அண்மையில் நகரின் நடுவே அகழ்ந்தபோது, அந்தச் சேற்றுக்கடியில் சொங் காலக் கால்வாயின் கற்சுவர்கள் வெளிப்பட்டன. மேகங்களுக்கு நடுவே குதிரைகளும் பறக்கும் கொக்குகளும் அவற்றில் செதுக்கப்பட்டிருந்தன. மூடிய வண்டல்தான் அவற்றைக் காத்தும் வைத்திருந்தது.