சுண்ணாம்பு நீக்கிய கருப்பநீரைப் போத்தலில் அடைப்பது ஏன் கடினம்?

பாளையிலிருந்து சொட்டும்போது பனஞ்சாறு ஏறக்குறைய நடுநிலையானது, அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் 7 அளவில் இருக்கும் (அது குறையக் குறையப் புளிப்பு). அதில் 10 முதல் 15 சதவீதம் வரை சீனி, பெரும்பாலும் சுக்குரோசு. சுண்ணாம்பு பூசிய முட்டியில் (சாறு சேரும் பானையில்) விழுந்தால் அது புளிக்காத இனிப்புக் கருப்பநீர், அதாவது பதநீர். சுண்ணாம்பு பூசாத முட்டியில் விழுந்தால் அது கள்ளுதான். முந்திய நாள் முட்டிச் சுவரில் ஒட்டிய நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் புளிப்பேற்ற, மதுவமும் (ஈஸ்ட்) சைமோமோனாஸ் என்ற பற்றீரியாவும் சீனியை எதனோலாக்கும். பங்குனிப் புழுக்கத்தில் விடிவதற்குள் பீ.எச். 4 அளவுக்கு இறங்கிவிடும். இன்னும் வைத்தால், காற்றுப் படும் மேற்பரப்பில் அசற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் எதனோலை வினாகிரியாக்கும். சாராய வடிசாலைக்குப் போகும் கள்ளு அதிகம் புளித்திருந்தால் சாராயம் குறைவதும் இதனால்தான்.

கருப்பநீருக்கு முட்டியின் உட்புறம் நீறிய சுண்ணாம்பைப் பூசுவார்கள். கல்சியம் ஐதரொட்சைட்டு நீரில் லீற்றருக்கு 2 கிராம்கூடக் கரையாது. ஆனால் கரைந்த அந்தச் சொற்பமே பீ.எச். பெறுமானத்தைப் பற்றீரியாவும் மதுவமும் தாங்காத உயரத்துக்குக் கொண்டுபோகும். கரையாமல் சுவரில் நிற்பது கையிருப்பு. இரவு முழுக்கச் சாறு சொட்டச் சொட்ட அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். காலையில் முட்டியை இறக்கியபின் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி என்ன பயன்? அதற்குள் புளித்தது புளித்ததுதான்.

பூசியும் புளிக்கிறதென்றால் முதலில் சுண்ணாம்பைப் பாருங்கள். திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்துக் கல்சியம் காபனேற்றாகிவிடும். வெள்ளை நிறம் அப்படியே இருக்கும், காரம் போயிருக்கும். ஈரப் பாசிச்சாயத் தாளில் ஒற்றிப் பார்த்தால், நல்ல சுண்ணாம்பு சிவப்புத் தாளைப் பளிச்சென்று நீலமாக்கும். குறைவாகப் பூசினாலும் சாறு நூல்நூலாக இழுபடும். லியூகோனொஸ்ரொக் பற்றீரியா சுக்குரோசைப் பசையாக்குவதன் அடையாளம் அது. அப்படிப்பட்ட சாற்றில் பனங்கட்டி காய்ச்சினாலும் இறுகாது. அமிலத்தில் சுக்குரோசு குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிரிவதால் பளிங்காகாமல் பாணியாகவே நிற்கும். சுண்ணாம்பு கூடினால் கட்டி கறுத்துக் கசக்கும்.

குடிப்பதற்கென்றால் சுண்ணாம்பைத் தெளியவைத்து, வடித்து, மிச்சத்தையும் நீக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். சுண்ணாம்பு போனதும் காவலும் போய்விடுகிறது. பீ.எச். திரும்பவும் 7 பக்கம் வருகிறது, சீனியும் இருக்கிறது, மூடிய போத்தலுக்குள் ஒட்சிசன் இல்லை. உயிரைக் கொல்லும் நஞ்சு சுரக்கும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியா வளர இதைவிட வசதியான இடம் வேண்டாம். கொதிக்கவைத்து அடைத்தோமே என்று நம்பியிருக்க முடியாது: 100 பாகை செல்சியசில் மதுவம் சாகும், இந்தப் பற்றீரியாவின் வித்திகள் (சூட்டைத் தாங்கும் உறங்குநிலை வடிவங்கள்) தப்பிவிடும். அடைத்த போத்தலில் அவை முளைத்து நஞ்சு சுரந்தாலும் மணமோ நிறமோ மாற வேண்டுமென்றில்லை. புளித்த கள்ளில் இந்தப் பயம் இல்லை, பீ.எச். 4.6க்குக் கீழே அந்த வித்திகள் முளைத்து வளரா. கள்ளுப் போத்தலின் தொல்லை வேறு: சூடாக்கும்போது மதுவம் தப்பினால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும்.

ஆகவே கருப்பநீரை அறை வெப்பத்தில் வைத்து விற்க இரண்டு வழிதான். ஒன்று, அழுத்தக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவது. போத்தலின் மிகக் குளிர்ந்த புள்ளியும் அந்த வெப்பத்தில் ஏறத்தாழ 3 நிமிடம் நிற்க வேண்டும். அதற்குள் சீனி கருகிய சுவை ஏறிவிடும். மற்றது, சித்திரிக் அமிலம் சேர்த்து பீ.எச். பெறுமானத்தை 4.2 அளவுக்கு இறக்கி, 85 பாகைக்கு மேல் சூடாக்கி, முன்கூட்டியே சூடாக்கிய போத்தலில் நிரப்பி மூடி, மூடியும் சூடுபட இரண்டு மூன்று நிமிடம் கவிழ்த்து வைப்பது. சற்றுப் புளிப்பு வரும். அதைப் பொறுத்துக்கொள்வதே மேல். இரண்டுக்கும் வசதியில்லையா, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் குடித்து முடியுங்கள்.

அமிலத்துக்கு 'லீற்றருக்கு இத்தனை கிராம்' என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முட்டியிலும் மிஞ்சிய சுண்ணாம்பு வேறு. அது தீர்ந்தபிறகே பீ.எச். கீழே இறங்கும். கொஞ்சம் போட்டுக் கலக்கி, அளந்து, மறுபடி போட வேண்டும். அளப்பதும் தாளில் அல்ல: 4.4ஐயும் 4.9ஐயும் நிறம் பார்த்துப் பிரிப்பது கடினம். பீ.எச். 4, 7 தாங்கற் கரைசல்களில் (பீ.எச். பெறுமானம் நிலையாக நிற்கும் கரைசல்களில்) அன்றன்று சரிபார்த்த மானி வேண்டும். மாதிரியையும் அறை வெப்பத்துக்கு ஆறவிட்டே அளக்க வேண்டும்.