கசிவு இல்லை, ஊடுருவல்

கரைப்பான்களைக் கையாளும் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் குறிப்பு ஒன்றைத் தமிழில் படித்தேன். "கையுறையின் கசிவு நேரம்" என்று போட்டிருந்தது. ஒரு வேதிப்பொருள் ஓட்டையே இல்லாத படலத்தின் ஊடாக மறுபுறம் போவதுதான் பெர்மியேஷன். அதற்குக் கசிவு! எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

பெர்மியேஷன் லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே 'பெர்' என்றால் ஊடாக, 'மியாரே' என்றால் செல்லுதல். பிறப்புக் கதை அவ்வளவுதான்.

கசிவுக்கு ஓட்டை வேண்டும். கூரை கசிகிறது, குழாய் கசிகிறது. மண்பானை கசிவதும் நுண்துளைகளால்தான். ரப்பர் படலத்தில் டொலுயீன் என்ற கரைப்பான் பட்டால் நடப்பதே வேறு. முதலில் அது ரப்பருக்குள் கரைகிறது. இதுதான் உட்கவர்தல். அப்புறம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளான பாலிமர்ச் சங்கிலிகள் அசையும்போது உண்டாகும் இடுக்குகளில் நகர்ந்து நகர்ந்து, செறிவு குறைந்த பக்கமாக விரவிப் போய், மறுபுறம் வெளியேறுகிறது. ரப்பர் வழியே வாயுக்கள் போவதை 1866இல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் இப்படித்தான் விளக்கினார்: கரைதல், பிறகு விரவல். பெட்ரோலில் விழுந்த சாதாரண ரப்பர் வாஷர் உப்பிப் போகிறதே, கசிவை வைத்துக்கொண்டு அதை எப்படி விளக்குவது?

ஊடுருவல் என்ற சொல் கையிலேயே இருக்கிறது. ஊடு என்றால் நடுவே, உருவு என்றால் அப்பால் போதல். உருவுதலில் துளைத்தல் என்ற பொருளும் உண்டே என்பார்கள். சரி, உண்டு. ஆனால் குளிர் ஊடுருவியது என்றால் யாரும் சட்டையில் ஓட்டை தேடுவதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் தயங்குவதற்குக் காரணம் வேறு: செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை எல்லை தாண்டி வருபவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. அதற்காக நல்ல சொல்லை வேதியியல் இழக்க வேண்டுமா? வேதிப்பொருள் கையுறையைக் கடந்து மறுபுறம் எட்ட ஆகும் நேரம்தான் பிரேக்த்ரூ டைம்; குறிப்பில் 'கசிவு நேரம்' என்று போட்டது இதைத்தான். அதற்கு 'ஊடுருவு நேரம்' போதும்.

வெறும் சொல்தானே என்பவர்களுக்கு ஒன்று. 1996 ஆகஸ்டில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹானின் லேடக்ஸ் கையுறை மேல் டைமெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சுத் திரவம் சில துளிகள் சிந்தியது. மறு ஆண்டு ஜூனில் பாதரச நஞ்சால் இறந்தார். அவ்வகைக் கையுறையை அத்திரவம் 15 நொடிக்குள் கடந்துவிடும் என்று பின்னர் சோதித்தபோது தெரிந்தது. ஓட்டையே தேவைப்படவில்லை.

கசிவு நேரம் என்று படிக்கும் தொழிலாளி என்ன செய்வார்? கையுறையை ஊதிப் பார்ப்பார். காற்று போகாவிட்டால் மாட்டிக்கொள்வார்.